கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஒரு கிராமம் தயாராவது எப்படி?

ஒரு நிறுவனம் ஓர் ஊரின் நிலத்தடிக் கனிமத்தையோ, ஆற்று நீரையோ, மேய்ச்சல் தரையையோ தன் திட்டத்துக்காகக் குறித்துக்கொள்ளும்போது, அந்தச் செய்தி ஊராரின் காதுக்கு எட்டுவதற்குள் பாதிக் காரியம் காகிதத்தில் முடிந்துவிடுகிறது. பாதிக்கப்படப்போகிறவர் அரசு அதிகாரியின் முன்னால் எழுந்து நின்று பேசி, அவர் பேசியது அந்தத் திட்டத்தின் கோப்பிலேயே ஆவணமாகச் சேர்கிற இடங்கள் இந்தியச் சட்டத்தில் மிகச் சிலவே. ஒன்றிய அரசு 2006 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடத்தப்படும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அவற்றுள் ஒன்று. அந்தக் கூட்டத்தை ஒரு சடங்கு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது சடங்காக முடிவதும் முடியாததும் பெரும்பாலும் கூட்டத்துக்கு முந்தைய முப்பது நாள்களில் ஊரார் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சாலையில் திரள்வது தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிற்பாடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் நிற்கும்போது, திரண்ட கூட்டத்தின் பெருக்கத்தைவிட, உரிய நாளில் உரிய அலுவலகத்தில் முத்திரை வாங்கிய ஒரு தாள்தான் கைகொடுக்கிறது. அந்தத் தாள்களை எப்படி உருவாக்குவது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

அறிவிப்பு வந்த நாள் முதல்

கூட்டத்தை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை ஏற்பவர் மாவட்ட ஆட்சியர், அல்லது கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதி. கூட்ட நாள், இடம், நேரம் ஆகியவற்றைத் தேசிய நாளிதழ் ஒன்றிலும் மாநில மொழி நாளிதழ் ஒன்றிலும் குறைந்தது 30 நாள்களுக்கு முன்பே வெளியிட வேண்டும். அந்தச் செய்தித்தாளின் முழுப் பக்கத்தையும், பெயரும் தேதியும் தெரியும்படி, எடுத்துப் பத்திரப்படுத்துவது முதல் வேலை. முப்பது நாளுக்கு ஒரு நாள் குறைந்திருந்தாலும் அது பின்னால் ஒரு வாதமாகும். 2020ஆம் ஆண்டு வெளியான புதிய வரைவு அறிவிக்கை இந்தக் கால அவகாசத்தை 20 நாள்களாகக் குறைக்க முனைந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். உழவு வேலையையும் கூலி வேலையையும் விட்டுவிட்டு நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படித்து முடிக்க முப்பது நாள்களே போதாது.

திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையும் அதன் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், சம்பந்தப்பட்ட உள்ளாட்சி அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் ஆகியவற்றில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். இருவராகச் சென்று கேளுங்கள். “இன்னும் வரவில்லை” என்று பதில் கிடைத்தால், சென்ற தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு அன்றைக்கே ஆட்சியருக்கு ஒரு மனு எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள். விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வைத்தாலும் போதும். ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைத் தேடினால் விண்ணப்பம், ஆய்வு வரையறைக் கடிதம், முந்தைய நிபுணர் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் ஆகியவை பெரும்பாலும் கிடைக்கும். ஊரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருவரிடம் இந்த வேலையை ஒப்படைப்பது நல்லது.

அறிக்கையைப் படிக்கும் முறை

இந்த அறிக்கையைத் தயாரிப்பது நிறுவனமே பணம் கொடுத்து அமர்த்தும் ஆலோசனை நிறுவனம். தனக்குக் கூலி கொடுப்பவரின் திட்டத்தால் பாதிப்பு இல்லை என்று எழுதுவதற்கான அழுத்தம் அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. எனவே அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து மலைத்துப்போக வேண்டியதில்லை. ஆய்வு வரையறைக் கடிதத்தை ஒரு கையில் வைத்துக்கொள்ளுங்கள். எதையெதை ஆய்வு செய்ய வேண்டும் என்று, திட்டத்தை மதிப்பிடும் நிபுணர் குழு வரிசையாக எண்ணிட்டுக் கட்டளையிட்ட கடிதம் அது. ஒவ்வோர் எண்ணுக்கும் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது என்று தேடுங்கள். பதில் இல்லாத எண்களின் பட்டியலே உங்கள் ஆட்சேபணையின் முதல் பகுதி.

அடுத்துப் பார்க்க வேண்டியது, களத் தரவு எந்த மாதங்களில் எடுக்கப்பட்டது என்பது. பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவே போதும் என்று வைத்திருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நம் மாவட்டங்களில் இது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். மார்ச்சில் தொடங்கி மே மாதத்தில் முடிந்த ஆய்வின் கண்ணுக்கு, மார்கழியில் கலுங்கு வழியும் கண்மாய் வறண்ட பொட்டலாகத்தான் தெரியும். வலசை வரும் பறவை ஒன்றுகூடத் தென்படாது. வரத்துக்கால் ஒரு பள்ளமாகத் தோன்றும். ஆய்வுக் காலத்தையும், அந்தக் காலத்தில் உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்பதையும், விடுபட்ட மாதங்களில் எப்படி இருக்கும் என்பதையும் ஒளிப்படங்களுடன் எழுதுங்கள்.

மூன்றாவதாக, நிலப் பயன்பாட்டு அட்டவணையை வருவாய்த் துறையின் பதிவேடுகளோடு ஒப்பிட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடு, அடங்கல், புல வரைபடம் ஆகிய மூன்றும் இதற்குப் போதுமானவை. கண்மாய், ஊருணி, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு, மயானம் என ஒவ்வொன்றுக்கும் அ-பதிவேட்டில் புல எண் உண்டு. அறிக்கையில் “தரிசு” என்று காட்டப்பட்ட நிலத்தில் அடங்கலின்படி நிலக்கடலையோ எள்ளோ சாகுபடி ஆகியிருக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் இந்த நகல்களைக் கேட்கலாம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் திட்டம் பற்றிய பேச்சு அடிபடத் தொடங்கியபோதே விண்ணப்பிப்பது அவசியம்.

ஆட்சேபணை எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் காட்டுகிறேன். “இந்தத் திட்டம் எங்கள் வாழ்வாதாரத்தை அழித்துவிடும், எனவே வேண்டாம்” என்று எழுதினால், “வாழ்வாதாரம் பாதிக்கப்படாதவாறு உரிய நடவடிக்கை எடுக்கப்படும்” என்று ஒரே வரியில் நிறுவனம் பதில் சொல்லிக் கடந்துவிடும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “அறிக்கையின் இன்ன பக்கத்தில், திட்ட எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் நீர்நிலை எதுவும் இல்லை எனக் கூறப்பட்டுள்ளது. எங்கள் கிராம அ-பதிவேட்டின்படி இன்ன புல எண் கண்மாய் எனப் பதிவாகியுள்ளது. அதன் வரத்துக்கால் திட்டப் பகுதிக்குள் இருக்கும் இன்ன புல எண்கள் வழியாக வருகிறது. இந்தக் கண்மாயின் இரண்டு மடைகளில் பாயும் ஆயக்கட்டு இன்ன அளவு. வரத்துக்கால் அடைபட்டால் இந்த ஆயக்கட்டுக்கு மாற்று நீர் எது என அறிக்கை கூறவில்லை. பதிவேட்டின் நகலை இணைத்துள்ளோம்.” இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதோடு, விண்ணப்பதாரர் உண்மையை வேண்டுமென்றே மறைத்தாலோ பொய்யான, திசைதிருப்பும் தகவலைத் தந்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று 2006 அறிவிக்கையின் 8ஆம் பத்தி சொல்கிறது. நீர்நிலை இல்லை என்ற கூற்றைப் பதிவேட்டைக் கொண்டு உடைக்கும்போது அந்தப் பத்தியையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.

ஊரின் சொந்தப் பதிவேடு

அறிக்கையில் உள்ள பிழையைக் காட்டுவதோடு, உண்மை நிலையை ஊரே அளந்து வைத்திருப்பது பெரும் பலம். கிணறுகளின் நீர்மட்டத்தை, கல் கட்டிய கயிற்றை இறக்கி, கோடையின் உச்சத்தில் ஒரு முறையும் பருவமழை ஓய்ந்தபின் ஒரு முறையும் அளந்து, கிணற்றின் புல எண்ணோடும் அளந்தவர், உடனிருந்தவர் கையெழுத்தோடும் ஒரு நோட்டில் எழுதி வரலாம். இரண்டு, மூன்று ஆண்டுகள் எழுதப்பட்ட அந்த நோட்டு, மூன்று மாதம் மட்டும் வந்துபோன ஆலோசகரின் அட்டவணையைவிட நம்பகமானது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அது பெயரளவுக்கு இருந்தால், அதற்கு உயிர் கொடுங்கள். ஊரில் விளையும் பாரம்பரிய நெல், சிறுதானிய வகைகள், மாட்டினம், மூலிகை, மீன், பறவை எல்லாம் அதில் ஏறட்டும்.

இத்தகைய பதிவுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை மதுரை மாவட்டம் மேலூர் பகுதி காட்டியது. ஏழு குன்றுகளும் 72 ஏரிகளும் 200 சுனைகளும் கொண்டதாக அரசு குறிப்பிட்ட அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193.215 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பரப்பையும் உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போய், இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வாயிற்று. ஊர்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டார மக்கள் மதுரையை நோக்கிப் பல்லாயிரம் பேராகப் பேரணி சென்றார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்ததாக அறிவித்தபோது, அது சொன்ன காரணங்களில் முதன்மையானது அந்தப் பல்லுயிர்த் தலம். மக்கள் திரளாமல் இது நடந்திருக்காது. அதே வேளையில், 2022இல் அந்த அரசாணை வந்திருக்காவிட்டால் திரண்ட மக்களின் கையில் பிடிமானமான ஆவணம் ஒன்று குறைந்திருக்கும்.

கிராம சபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அவசரம் என்றால் சிறப்புக் கிராம சபை கூட்டுமாறு ஊராட்சித் தலைவருக்கும் ஆட்சியருக்கும் கையெழுத்து திரட்டி மனு கொடுக்க வேண்டும். தீர்மானத்தில் திட்டத்தின் பெயர், நிறுவனத்தின் பெயர், புல எண்கள், காரணங்கள் என எல்லாம் இருக்க வேண்டும். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்ட பின்பே கலைந்து செல்லுங்கள். சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இதன் சட்ட வலிமை இடத்துக்கு இடம் மாறும் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டத்தில், உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. 12 கிராம சபைகளும் ஒன்றுபோல மறுத்தன. 2014 ஜனவரியில் ஒன்றிய அமைச்சகம் அனுமதியை நிராகரித்தது. அந்தத் தீர்ப்பு நின்றது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் மீது. நியம்கிரி, பழங்குடியினருக்காக அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையின் கீழ் தனிப் பாதுகாப்புப் பெற்ற அட்டவணைப் பகுதியிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகவே வன உரிமைச் சட்டம் பொருந்தும் மலைக் கிராமங்களில் கிராம சபையின் சொல்லுக்கு உள்ள சட்ட வலு, சமவெளி ஊர்களில் அப்படியே கிடைக்காது. அங்கே தீர்மானம் ஒரு வலுவான சாட்சியம். அதை அந்த அளவில் நம்பி, மற்ற ஆவணங்களோடு சேர்த்துப் பயன்படுத்துவதே சரி.

கூட்ட நாள்

கூட்டத்தைப் புறக்கணிக்கலாமா என்ற கேள்வி எல்லா ஊரிலும் எழும். என் கருத்து திட்டவட்டமானது: புறக்கணிக்கக் கூடாது. கூட்டம் தொடங்குவதற்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் தேவையில்லை என்று அறிவிக்கையே சொல்கிறது. ஊரார் வராத மண்டபத்தில், நிறுவனம் பேருந்தில் அழைத்து வந்தவர்கள் வேலைவாய்ப்பு வரும், சாலை வரும் என்று பேசிவிட்டுப் போவார்கள். “பொதுமக்கள் திட்டத்தை வரவேற்றனர்” என்று நடவடிக்கைக் குறிப்பு எழுதப்படும். பாதியில் வெளிநடப்பு செய்வதும் அநேகமாக இதே விளைவைத்தான் தரும். கோபத்தை வெளிப்படுத்த வேறு நாள்கள் உண்டு.

முன்கூட்டியே போய் முன்வரிசைகளில் அமருங்கள். யார் எதைப் பேசுவது என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் நீர்நிலைகளைப் பற்றி, ஒருவர் பயிரைப் பற்றி, ஒருவர் காற்றையும் தூசியையும் பற்றி, ஒருவர் போக்குவரத்து லாரிகளைப் பற்றி. பத்துப் பேர் ஒரே கருத்தைப் பேசினால் குறிப்பில் அது ஒரு வரியாகச் சுருங்கும். பட்டா வைத்திருப்பவர்கள் மட்டும் பேசுவது பெருங்குறை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், குத்தகைதாரர்கள், கிடை போடுகிற கீதாரிகள், கண்மாயில் மீன் பிடிப்பவர்கள் ஆகியோரின் பிழைப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் எழுந்து நின்று, இந்த நிலத்தில் ஆண்டுக்கு எத்தனை மாதம் வேலை கிடைக்கிறது, என்ன கூலி கிடைக்கிறது என்று சொன்னால்தான் அது ஆவணத்தில் ஏறும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விண்ணப்பதாரரிடம் விளக்கம் கேட்கும் உரிமை உண்டு. “நேரமில்லை” என்று ஒலிவாங்கியைப் பறித்தால், அதையே உரக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நிகழ்வு முழுவதும் காணொளியாக எடுக்கப்பட வேண்டும் என்பது விதி. நீங்களும் உங்கள் கைப்பேசியில் தொடக்கம் முதல் இறுதி வரை எடுத்து வையுங்கள்.

பேசியதை எழுத்திலும் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான தருணம் கூட்டத்தின் கடைசியில் வருகிறது. அப்போது பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். எழுந்த கருத்துகள் அனைத்தையும் துல்லியமாகப் பிரதிபலிக்கும் சுருக்கத்தை வாரிய அதிகாரி, வந்திருப்போருக்கு அவர்கள் மொழியில் வாசித்து விளக்க வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்ட குறிப்பில் ஆட்சியர் அதே நாளில் கையெழுத்திட வேண்டும். அது வாசிக்கப்படும் வரை இருங்கள். விடுபட்டதைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்லுங்கள். வாசிக்காமலே கூட்டம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டால், அன்று மாலைக்குள் ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் அந்தக் குறையை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

கூட்டம் முடிந்த பிறகு

ஊர் களைத்துப்போய் அமர்ந்திருக்கும் இந்த மாதங்களில்தான் கோப்பு நகர்கிறது. எழுப்பப்பட்ட ஆட்சேபணைகளும் அவற்றுக்கு நிறுவனத்தின் பதில்களும் சேர்த்துத் தொகுக்கப்பட்டு, ஊராட்சி அலுவலகத்தில் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும். அதை வாங்கி, உங்கள் நகல்களோடு ஒப்பிட்டு, பதில் இல்லாதவற்றைப் பட்டியலிட்டு, திட்டத்தை மதிப்பிடும் நிபுணர் குழுவின் உறுப்பினர் செயலருக்கு அனுப்புங்கள். குழு எந்த நாளில் கூடுகிறது என்பது பரிவேஷ் தளத்தில் தெரியும். கோவா மாநிலத்தின் இரும்புத்தாதுச் சுரங்கம் ஒன்று தொடர்பான உத்கர்ஷ் மண்டல் வழக்கில், கருத்துக்கேட்பில் எழுந்த ஆட்சேபணைகளை நிபுணர் குழு கருத்தூன்றிப் பரிசீலிக்க வேண்டும், அதற்கான காரணங்கள் அதன் குறிப்பில் தெரிய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் கடிதத்தில் மேற்கோள் காட்டுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால் நாள் எண்ணத் தொடங்க வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டுக்கு 30 நாள் மட்டுமே. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். தொண்ணூறு நாள் கடந்தால் எவ்வளவு நியாயமான வழக்கும் வாசலிலேயே நின்றுவிடும். தென் மாநிலங்களுக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. வழக்கறிஞரை அனுமதி வந்த பிறகு தேடாமல், கருத்துக்கேட்புக்கு முன்பே கண்டு பேசி, கோப்பை அவருக்குப் பழக்கப்படுத்தி வையுங்கள். வழக்குச் செலவுக்கான நிதியின் வரவு செலவை ஊர்ப் பொதுவிடத்தில் மாதந்தோறும் ஒட்டுவது, பின்னால் வரும் பிளவுகளில் பாதியைத் தவிர்க்கும்.

கூட்டமே நடத்தப்படாத திட்டங்கள்

கருத்துக்கேட்பு என்ற கதவே பல திட்டங்களுக்கு அடைக்கப்பட்டு வருகிறது. 2020 ஜனவரி 16 அன்று எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகள் ‘பி2’ வகைக்கு மாற்றப்பட்டன. அந்த வகைக்கு மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், கருத்துக்கேட்பும் வேண்டாம். மீத்தேன் எதிர்ப்புப் பரப்புரையின் நடுவே 2013 டிசம்பர் 30 அன்று இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உயிர் நீத்த காவிரிப் படுகைக்கும், 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் எழுந்து நின்ற புதுக்கோட்டைக்கும் இது நேரடியான அடியாக விழுந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அது ஏற்கெனவே இயங்கிவந்த கிணறுகளைத் தொடவில்லை. 2025 செப்டம்பரில் அணுக்கனிமங்களும் முக்கியக் கனிமங்களும் சார்ந்த சுரங்கங்களுக்கும் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்து ஒன்றிய அமைச்சகம் ஆணையிட்டது. டங்ஸ்டனும் அந்த முக்கியக் கனிமங்களில் ஒன்று. மக்களின் வாயை அடைத்துவிட்டு அவர்களின் மண்ணைத் தோண்டுவதற்கு வழிவிடும் ஆணை அது. அதைத் திரும்பப் பெறச் சொல்லும் கோரிக்கை ஒவ்வொரு கிராம சபைத் தீர்மானத்திலும் ஏற வேண்டும்.

இத்தகைய திட்டங்களில், மேலே சொன்ன வேலைகளையெல்லாம் யாரும் அழைக்காமலே ஊர் செய்தாக வேண்டும். ஏல அறிவிப்பு வந்ததுமே புல எண்களோடு கூடிய ஆட்சேபணையைச் சுரங்க அமைச்சகம், மாநிலக் கனிம வளத் துறை, ஆட்சியர், பல்லுயிர் வாரியம் ஆகியோருக்கு அனுப்பலாம். தகவல் அறியும் உரிமை விண்ணப்பத்தில், இந்தப் பரப்பில் பல்லுயிர்த் தலம், தொல்லியல் சின்னம், நீர்நிலை, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகியவை உள்ளனவா என்று ஏலத்துக்கு முன் எந்தத் துறையிடம் கருத்துக் கேட்கப்பட்டது, அதன் பதில் என்ன, நகல் தருக என்று குறிப்பாகக் கேளுங்கள். எண்ணெய்க் கிணறானால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை எப்போது கொடுக்கப்பட்டது, எந்நாள் வரை செல்லும் என்று கேளுங்கள். ஏற்கெனவே அனுமதி பெற்று இயங்கும் திட்டமானால், நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் நிறுவனம் அறிக்கையாகத் தர வேண்டும். அந்த அறிக்கைகளையும் வாங்கி, நட்டதாகச் சொல்லும் மரங்கள் நிற்கின்றனவா, அமைத்ததாகச் சொல்லும் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து, தேதியோடு ஒளிப்படம் எடுத்து, வேறுபாட்டை அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள்.